ஞானம்மாளும் பின்னறைப் பாயும்

ஞானம்மாளைப் பற்றிச் சொல்வதானால் அவள் பொறாமையில் தொடங்குவதுதான் நியாயம். அவள் சாவுக்கு வந்தவர்கள் சமையலைச் சொன்னார்கள், கைமணத்தைச் சொன்னார்கள், சங்கீதம் பாடுகிற குரலைச் சொன்னார்கள். பொறாமையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு அவளைச் சொன்னால் புளி விடாத குழம்பு மாதிரி ஆகிவிடும். வேறு யாரையோ சொன்னதாகிவிடும்.

அவள் பிறந்தது வடமாலபேட்டைக்குப் பக்கத்தில். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டிக்குப் போய், கஞ்சியோடு ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டு வந்தவர் அவள் பாட்டன். பதினாறு வயதில் இயேசுதாசனைக் கட்டிக்கொண்டு, நகரிக்குத் தெற்கே இருந்த மிஷன் பங்களாவுக்கு வந்தாள். அவன் அங்கே தோட்டக்காரன். மாமரமும் கிணறும் அவன் பொறுப்பு, சமையற்கட்டு அவளுடையதாயிற்று. எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் கோயிலில் கேட்டது எதுவும் அவள் காதை விட்டுப் போனதில்லை.

பங்களாவில் இருந்தது கிளாரா மிசியம்மா. சீமையிலிருந்து இருபத்தைந்து வயதில் வந்து, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை நடத்தி, அங்கேயே தலை நரைத்துப் போனவர். அவருக்கு முட்டை வேக வேண்டிய பதம் ஒன்று உண்டு. மஞ்சள் கரு ஓடவும் கூடாது, கல்லாகவும் கூடாது. சமையற்கட்டில் கடிகாரம் கிடையாது. தண்ணீர் கொதித்ததும் முட்டையைப் போட்டுவிட்டு ஞானம்மாள் பரமண்டல ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்குவாள். எட்டாவது ஆமென் வரும்போது இறக்கினால் பதம் தப்பாது. இருபது வருஷத்தில் ஒருநாள்கூடத் தப்பவில்லை.

"மிசியம்மாவுக்குப் பசிக்கிறது அவங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்" என்று கிணற்றடியில் சொல்லிக்கொள்வாள். அந்த ஒரு பேச்சுதான் அவள் போட்டுக்கொண்ட நகை.

யுத்தம் முடிந்த பிற்பாடு சீமையிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. மிசியம்மாவின் அண்ணன் செத்துப்போய், அவர் படித்த புஸ்தகங்களை அனுப்பியிருந்தார்கள். மிசியம்மா ஒரு வருஷம் முழுக்க அவற்றையே படித்தார். அப்புறம் பங்களாவின் பின்னறையைக் காலி செய்யச் சொன்னார். மேஜை, படம், அலமாரி எல்லாம் வெளியே போயிற்று. ஒரு கோரைப்பாய் மட்டும் உள்ளே போயிற்று. தினம் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் போய் உட்கார்ந்துகொள்வார். ஜெபம் சொல்வதில்லை, பாடுவதில்லை. சும்மா.

ஞானம்மாளுக்கு அது பிடிக்கவும் இல்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. தட்டு எடுக்கும்போது ஒருநாள் கேட்டேவிட்டாள். மிசியம்மா பேசுவது வேதப்புஸ்தகத் தமிழ்.

"ஆண்டவர் பரமேறின பிற்பாடு, எகிப்து தேசத்திலே சிலர் இருந்தார்கள், ஞானம்மாள். மேலான தேசத்திலிருந்து ஒரு பொறி இந்த மண்ணுடம்புக்குள் விழுந்துவிட்டது, அது தன் வீட்டை மறந்து உறங்குகிறது என்றார்கள். தன்னை அறிந்தவன் தன் வீட்டை அறிவான் என்றார்கள். சபை அவர்களைத் துரத்தி, அவர்கள் புஸ்தகங்களை எரித்தது."

"எரிச்சிட்டாங்கன்னா உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எரித்தவர்கள் அவர்கள் சொன்ன தப்பெல்லாம் இன்னின்னவை என்று விவரமாக எழுதிவைத்தார்கள். அதிலிருந்துதான்."

ஞானம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிசியம்மாவும் சிரித்தார். அவர்கள் சொன்னது எல்லாம் சரி என்று தாம் சொல்லவில்லை என்றார். பிற்காலத்தில் தம் தேசத்துப் பக்கத்திலும் நூல் நூற்றுப் பிழைத்த பெண்கள் சிலர், குருமார் யாரையும் கேட்காமல் உட்கார்ந்து உள்ளுக்குள் பார்த்தார்கள் என்றார்; அப்படிப்பட்ட ஒருத்தியைக் கட்டிவைத்துக் கொளுத்தினார்கள் என்றார்.

"சும்மா உக்காந்ததுக்கா?"

"சும்மா உட்காருகிறவளைக் கண்டால் எல்லாருக்கும் பயம், ஞானம்மாள்."

இப்படிப் பேசியது தன்னோடு மட்டும்தான் என்று அவள் நெஞ்சில் முடிந்துவைத்துக்கொண்டாள். அந்த முடிச்சை அவிழ்க்க வந்தவள் செங்கம்மா.

செங்கம்மா அல்லிக்குளத்துக்காரி. பங்களாவுக்குத் தெற்கே மூன்று மைல். குடியானவர் வீடு, வேர்க்கடலை நிலம், இரண்டு எருமை. புருஷன் செத்து ஆறு வருஷமாகியும் மாமியார் வீட்டில் பதினோரு பேருக்கு வடித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். மிசியம்மாவுக்கு வயிற்றுப் புண் வந்து மோர் வேண்டியிருந்தபோது, அவள்தான் தினம் மத்தியானம் மோர்ச்சட்டியோடு வந்தாள். ஞானம்மாள் அவளைப் பங்களா மதிலுக்கு உள்ளே 'நீ' என்பாள். அதே ஆளை ரோட்டில் பார்த்தால் 'நீங்க' என்பாள். அதுதான் அந்தக் காலத்து நடைமுறை. செங்கம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. கோடை வெயிலில் மூன்று மைல் நடந்து வந்தாலும் சமையற்கட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். "வேணாம் ஞானம்மா, கெணத்துல எறைச்சிக்கறேன்" என்பாள். ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை, ஒருத்தியும் சொல்லவில்லை.

ஆந்திர ராஜ்ஜியம் தனியாகப் பிரிந்த வருஷம், ஐப்பசி மழை. மோரைக் கொடுத்துவிட்டுச் செங்கம்மா மழை விடட்டும் என்று பின்பக்கம் ஒதுங்கினாள். பின்னறைக் கதவு திறந்திருந்தது. மிசியம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய், பாயின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். மழை விட்டும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் மழை இல்லை, அன்றைக்கும் உட்கார்ந்தாள்.

"நெத்தியில விபூதி, கழுத்துல சாமிக் கயிறு" என்றாள் ஞானம்மாள் புருஷனிடம். "என் கையால தண்ணி குடிக்கமாட்டா. எங்க ஜெப ரூம்ல மட்டும் உக்காருவா."

"உனக்கு இன்னா போச்சு?" என்றான் இயேசுதாசன். "பாயி தேஞ்சிடுமா?"

"நானு மூணு தலைமுறையா வேதத்துக்காரி."

"அப்ப நீயும் போய் உக்காரு. யாரு வேணாம்னாங்க?"

அவள் போகவில்லை. கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். காத்திருந்தபோதுதான் ஒருநாள் சமையற்கட்டு ஜன்னல் வழியாக அது காதில் விழுந்தது. பின்பக்கம் நின்று மிசியம்மா செங்கம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "ராத்திரி அடுப்பை மூடும்போது தணலின்மேல் சாம்பலைப் போர்த்துகிறார்கள் அல்லவா? காலையில் பார்த்தால் வெறும் சாம்பல்தான். ஆனால் கிளறி ஊதினால் நெருப்பு. உள்ளே இருப்பதும் அப்படித்தான், செங்கம்மா."

"அது எனக்குத் தெரியும்மா" என்றாள் செங்கம்மா.

"ஆம். உனக்குத் தெரிகிறது" என்றார் மிசியம்மா.

ஞானம்மாளுக்கு வயிறு எரிந்தது. அது யார் அடுப்பு? இருபது வருஷமாக ராத்திரி தணலை மூடி, விடியலில் ஊதிக் கண் சிவந்தவள் யார்? மிசியம்மா வாசற்படியில் நின்று எத்தனை நாள் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்தது இவள் அடுப்பில். பாடம் சொன்னது அவளுக்கு. அதிலும் 'உனக்குத் தெரிகிறது' என்று ஒரு சொல். அந்தச் சொல்லை மிசியம்மா தனக்குச் சொல்லக் கேட்க வேண்டும், அதற்கு முன் சாகக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தானாகவே போனாள். "நானும் உக்காரலாமா?"

"உட்கார், மகளே" என்றார் மிசியம்மா.

பாயில் செங்கம்மா உட்கார்ந்துவிட்டதால் தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். சும்மா இருப்பது எப்படி என்று தெரியவில்லை. நாக்கு தானாகப் பரமண்டல ஜெபத்தை எடுத்தது. ஒன்று, இரண்டு என்று போய் எட்டாவது ஆமென் வந்ததும், உடம்பு தன்பாட்டுக்கு எழுந்து நின்று சமையற்கட்டைப் பார்த்து இரண்டடி நடந்துவிட்டது. முட்டை ஒன்றும் அடுப்பில் இல்லை. திரும்பிப் பார்த்தால் செங்கம்மா கண்ணை மூடியபடி இருக்கிறாள், ஆனால் வாயோரம் நெளிகிறது.

இரண்டாம் நாளும் எட்டாவது ஆமெனில் எழுந்தாள். மூன்றாம் நாள் எழவில்லை. எழாமல் ஒரு கண்ணைத் திறந்து செங்கம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். களைத்துப்போன முகம், அதில் ஒரு சலனம் இல்லை. தின்ற சோறு செரித்த பிள்ளை முகம் மாதிரி இருந்தது. நாலாம் நாள், பாத்திரம் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். மிசியம்மா வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததும் ஒரு குறையாகப் போயிற்று.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மாசத்து முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்குகிறவர்கள் முந்தின சனிக்கிழமை ஐயரிடம், அதாவது சபைப் போதகரிடம், போய்ப் பேர் கொடுக்க வேண்டும். ஐயர் நோட்டைத் திறந்து, "யாரோடாவது மனஸ்தாபம் உண்டா?" என்று கேட்பார். உண்டு என்றால் பேர் ஏறாது. முதலில் போய்ச் சமாதானம் ஆக வேண்டும். பேர் ஏறாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்தே இருக்கும்போது கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். அதற்குப் பயந்து எத்தனையோ மாமியார் மருமகள் சனிக்கிழமை சாயங்காலம் ராசியாகியிருக்கிறார்கள்.

அப்போது இருந்தவர் ஞானசிங் ஐயர். நல்ல மனுஷர், நோட்டை மட்டும் ரொம்ப நம்புகிறவர். ஞானம்மாள் மூன்று வருஷம் உள்ளுக்குள் வெந்த பிறகு, ஒரு சனிக்கிழமை அவர் அவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஞானம்மாள் யோசித்தாள்.

"நம்ம சபையில யாரோடவும் இல்லீங்க ஐயரே" என்றாள். பொய் இல்லை. செங்கம்மா சபையாளா என்ன?

பேர் ஏறிற்று. அதோடு வந்திருக்கலாம். எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் ஐயரே. விபூதி பூசினவங்க மிசியம்மா ஜெப ரூம்ல வந்து உக்காரலாமா? சபை எரிச்ச புஸ்தகத்துல இருக்கிறத அவங்களுக்குச் சொல்லித்தரலாமா?"

ஐயர் பேனாவைக் கீழே வைத்தார்.

அடுத்த வாரம் சபை மூப்பர் நாலு பேரோடு ஐயர் பங்களாவுக்கு வந்தார். ஞானம்மாள் டீ கொண்டுபோய் வைத்தாள். மிசியம்மா எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. நான் யாருக்கும் எதையும் போதிக்கவில்லை, சேர்ந்து உட்கார்ந்தோம் என்றார். மேலிடத்துக்கு எழுத வேண்டிவரும் என்றார்கள். எழுத வேண்டாம், அறையைப் பூட்டிவிடுகிறேன் என்றார்.

மத்தியானம் செங்கம்மா மோரோடு வந்தாள். பின்னறையில் பூட்டு தொங்கிற்று.

"இன்னா ஞானம்மா, பூட்டிக்கினு கெடக்குது?"

"இனிமே அப்டித்தான். ஐயரு உத்தரவு."

செங்கம்மா பூட்டைப் பார்த்தாள். ஞானம்மாள் முகத்தைப் பார்த்தாள். மோர்ச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு நடந்தாள். மறுநாளிலிருந்து மோரை வேறு யாரோ கொண்டுவந்தார்கள்.

சாயங்காலம் மிசியம்மா பின்னறைச் சாவியை ஞானம்மாள் கையில் கொடுத்தார். "தூசி தட்ட வேண்டுமே, உன்னிடம் இருக்கட்டும்."

அவள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அறை அவளுடையது, பாய் அவளுடையது. செங்கம்மா உட்கார்ந்த அதே ஓரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பரமண்டல ஜெபம் சொல்லக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்ணை மூடினால் செங்கம்மாதான் தெரிந்தாள். பூட்டைப் பார்த்த அந்த முகம். இடம் மாறி மிசியம்மா ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தாள், எதிரில் செங்கம்மா. மூன்று வருஷம் வெள்ளிக்கு வெள்ளி உட்கார்ந்தாள். பொறியும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை. மாசாமாசம் பேர் கொடுத்து, மனஸ்தாபம் இல்லை என்று சொல்லி, அப்பம் வாங்கிக்கொண்டிருந்தாள். அப்பம் மட்டும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது.

மிசியம்மாவுக்கு எழுபது ஆனதும் சீமைக்குத் திரும்பி வரச் சொல்லிக் காகிதம் வந்தது. ஸ்டேஷனில் சபை முழுக்க மாலையோடு நின்றது. ஞானம்மாள் வேகவைத்த முட்டை நாலைத் துணியில் முடிந்து கொடுத்துவிட்டு, சாவியையும் நீட்டினாள்.

"நீயே வைத்துக்கொள்" என்றார் மிசியம்மா. "அந்த அறையில் என்ன கண்டாய்?"

எல்லாரும் இருக்கிறார்களே என்று பார்த்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஒண்ணும் இல்லம்மா. கண்ண மூடினா செங்கம்மாதான் குந்திக்கினு இருக்கா" என்றாள்.

மிசியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். யார் ஐயரிடம் போனது என்று அவருக்கு முதல் நாளே தெரியும் என்பது அந்தப் பிடியில் தெரிந்தது.

"தணலைத் தேடுகிறவள் கையில் முதலில் படுவது சாம்பல்தான், ஞானம்மாள். நீ என்னிலும் நன்றாக அறிந்த காரியம் அது."

ரயில் போய்விட்டது. கேட்க ஆசைப்பட்ட சொல் வந்தும் வராத மாதிரி இருந்தது. செங்கம்மாவுக்கு நேராகச் சொன்னார், தனக்குச் சுற்றிவளைத்துச் சொன்னாரே என்று வண்டியில் வரும் வழியெல்லாம் புழுங்கினாள். ஆனால் வீட்டுக்கு வந்து அடுப்பைக் கிளறும்போது, முதலில் சாம்பல் பட்டதும் கை நின்றுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை ஐயர் நோட்டைத் திறந்தார். "மனஸ்தாபம்?"

"இருக்குதுங்க ஐயரே."

"யாரோடே?"

"அல்லிக்குளத்துச் செங்கம்மாவோட."

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த ஸ்திரீ நம்ம சபை இல்லையே. அது இந்தக் கணக்கில் வராது, ஞானம்மாள். பேர் எழுதிக்கறேன்."

"எழுதாதீங்க. உங்க நோட்டுல வரலன்னா போவட்டும். எனக்கு வருது."

மூன்று மாசம் திருவிருந்துக்கு அவள் பெஞ்சை விட்டு எழவில்லை. கோயில் மூன்று தரமும் திரும்பிப் பார்த்தது. இயேசுதாசன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயரே சரின்னுட்டாரு, உனக்கின்னா வீம்பு? போய்ப் பேசிட்டு வந்து தொலையேன்."

"போறேன். நானா போறப்ப போறேன்."

"சீக்கிரம் போ. ஒண்ணாந்தேதியோட அல்லிக்குளம் மெட்ராஸ் பக்கம் போயிடுதாம். நாம ஆந்திரா. அப்புறம் வேற ராஜ்ஜியத்துக்குப் போய்ச் சமாதானம் பேசணும் நீ."

அவன் கேலிக்குச் சொன்னான். அவள் அப்படியே செய்தாள். எல்லை மாறிய நாலாம் நாள், ஒரு பித்தளைச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தாள். வேறு ராஜ்ஜியம் எங்கே தொடங்கிற்று என்று வழியில் ஒரு அடையாளமும் இல்லை. அதே வேலிக்காத்தான், அதே புழுதி.

செங்கம்மா களத்தில் வேர்க்கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள், கை நிற்கவில்லை.

"இன்னா, இவ்ளோ தூரம்?"

"நான்தாங்க ஐயருகிட்ட சொன்னேன்" என்றாள் ஞானம்மாள். நடந்து வந்த மூச்சு இறங்குவதற்குள் சொல்லிவிட்டாள். இறங்கினால் சொல்லமாட்டாள் என்று அவளுக்கே தெரியும். "நீங்க அங்க உக்காரறது எனக்குப் பொறுக்கல."

"தெரியும்."

"தெரியுமா?"

"பூட்டுன அன்னிக்கே உன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துச்சே." செங்கம்மா ஒரு செடியை உதறினாள். "பதினோரு பேரு வூடு ஞானம்மா. காலையில கண்ணத் தொறந்தா, அதக் கொண்டா, இத வையி. யாரும் எதுவும் கேக்காத எடம் ஒண்ணு இருந்துச்சு எனக்கு. அத நீ பூட்டிட்டே. உனக்கு அதால இன்னா கெடச்சுது?"

"ஒண்ணுமில்ல."

"நல்லா வேணும்."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றும் எடுபடாது என்று தெரிந்தது. திரும்பிப் போக மனமும் இல்லை. வெயிலில் நின்றாள்.

"நின்னுக்கினே இருந்தா? உக்காரு" என்றாள் செங்கம்மா. "வாயத் தொறக்காத."

செடிக்குவியல் ஓரத்தில் உட்கார்ந்தாள். செங்கம்மா கையில் இருந்ததைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். ஞானம்மாளும் மூடினாள். எதிரில் செங்கம்மா தெரியவில்லை. அவள்தான் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாளே. இத்தனை வருஷம் செங்கம்மா முகத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது இப்போது தனியாகத் தெரிந்தது. பொறாமை. முட்டைமேல் படுத்த கோழி மாதிரி நெஞ்சுக்குள் சிறகை விரித்துக்கொண்டு, கிட்டே போனால் கொத்துகிற பார்வையோடு உட்கார்ந்திருந்தது. அவள் அதை விரட்டவில்லை, அதற்கு ஜெபம் சொல்லவும் இல்லை. பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அதன் அடியில் ஏதோ ஒரு சூடு இருந்தது. அது என்ன என்று அவள் கடைசி வரை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்றாள்.

கண்ணைத் திறந்தபோது நிழல் நகர்ந்திருந்தது. எட்டு ஆமென் ஆகி எவ்வளவோ நேரமாகியிருந்தது. பக்கத்தில் செங்கம்மா சொம்பைத் தூக்கி, அண்ணாந்து, கடகடவென்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஞானம்மாள் இறைத்துக் கொண்டுவந்த தண்ணீர். குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்து, சொம்பைக் கீழே வைத்து, மறுபடி காய் ஆயத் தொடங்கினாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, இவளும் பேசவில்லை.

கை கொடுக்கலாம், மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்து வந்தவள் இவள். பெரிய காரியத்தைச் சத்தமில்லாமல் செய்து முடித்தவள் அவள். இதிலும் முந்திக்கொண்டாளே என்று வீடு வரைக்கும் நெஞ்சுக் கோழி கொக்கரித்துக்கொண்டே வந்தது. ஞானம்மாள் அதற்கு இருக்கட்டும் என்று இடம் விட்டுக்கொடுத்தாள்.

சனிக்கிழமை ஐயர் நோட்டைத் திறந்தார். "சமாதானம் ஆயிற்றா, ஞானம்மாள்?"

"அவ இன்னும் மன்னிக்கலீங்க. எனக்கும் பொறாமை போவல."

"அப்புறம்?"

"வெள்ளிக்கு வெள்ளி அவ களத்துல போய் உக்காந்துட்டு வரப்போறேன். தண்ணி நான் கொண்டுபோவேன். பேர எழுதுங்க ஐயரே."

ஐயர் பேனாவைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கிற மாதிரித் தெரியவில்லை. எழுதினார்.